பழைய கட்டடம் காலியானால் அறை யாருக்கு? பல்கலைக்கழகங்களில் இடம் பங்கிடப்படுவது எப்படி

புதுக் கட்டடத்துக்கு ரிப்பன் வெட்டியாச்சு. ஒரு துறை மொத்தமாக அங்கே குடிபோய்விட்டது. பழைய கட்டடத்தில் இருபது, முப்பது அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. அடுத்த வாரமே பதிவாளரின் மேசைக்குக் கடிதங்கள் வர ஆரம்பிக்கும். பக்கத்துத் துறைக்கு ஆய்வகம் வேண்டும், தேர்வுப் பிரிவுக்கு விடைத்தாள் வைக்க இடம் வேண்டும், ஆய்வு மாணவர்களுக்கு உட்கார மேசை வேண்டும். இதற்கிடையில் யாரோ ஒருவர் ஒரு அறைக்குத் தன் சொந்தப் பூட்டைப் போட்டிருப்பார்.

வெளியிலிருந்து பார்த்தால் சின்ன விஷயம்தான். ஆனால் இந்தியப் பல்கலைக்கழகங்களில் எந்தத் துறை வளர்கிறது, எது சுருங்குகிறது, சக்கர நாற்காலியில் வரும் மாணவர் வகுப்புக்குள் நுழைய முடிகிறதா என்பதையெல்லாம் இந்த அறைப் பங்கீடு சத்தமில்லாமல் தீர்மானித்துவிடுகிறது. ஒருமுறை, அறையைச் சரியாகக் காலி செய்யாததால் ஓர் உயிரே போயிருக்கிறது.

துறையின் அறை யாருடையது?

"அது எங்க டிபார்ட்மென்ட் ரூம்" என்று பேராசிரியர்கள் சொல்வது வழக்கம். சட்டப்படி அப்படி ஒன்று கிடையாது. மத்திய பல்கலைக்கழகங்கள் சட்டம் 2009-ன் கீழ் உள்ள விதிகளின்படி, பல்கலையின் அசையும், அசையாச் சொத்துகளை நிர்வகிப்பதும், பணிகளுக்குத் தேவையான கட்டடம், அறைகலன், கருவிகளை ஏற்பாடு செய்வதும் எக்ஸிகியூட்டிவ் கவுன்சில் எனப்படும் நிர்வாகக் குழுவின் அதிகாரம். அந்தக் குழு ஒப்படைக்கும் சொத்துகளுக்குப் பதிவாளர் காப்பாளர். மாநிலப் பல்கலைகளில் சிண்டிகேட் என்று பெயர் மாறும், ஏற்பாடு ஏறக்குறைய இதேதான்.

ஆக, துறைக்கு இருப்பது பயன்படுத்தும் அனுமதி மட்டுமே. துறை வேறு இடத்துக்குப் போனால் அறை பொதுக் கணக்குக்குத் திரும்பவேண்டும். நடைமுறையில் அது அவ்வளவு சுலபமாகத் திரும்புவதில்லை. "பழைய லேப்பில் இன்னும் சில சாமான் இருக்கு" என்று சொல்லி இரண்டு, மூன்று அறைகளைக் கையில் வைத்துக்கொள்வது எல்லா வளாகத்திலும் நடப்பதுதான். அறை ஒதுக்கீட்டு ஆணையில் 'இத்தனை ஆண்டுக்கு' என்ற காலவரையறை இல்லாவிட்டால், அந்த மூன்று அறைகளைக் கேட்டு வாங்குவது யார் வேலை என்பதே தெரியாது.

கட்டடமே பல்கலையுடையதாக இல்லாத நிலையும் உண்டு. 2008-ல் தொடங்கிய புதிய ஐஐடிகள் பல இரவல் இடத்தில்தான் பிறந்தன. காந்திநகர் ஐஐடி சந்த்கேடா அரசுப் பொறியியல் கல்லூரி வளாகத்திலும், ஹைதராபாத் ஐஐடி எத்துமைலாரம் ஆயுதத் தொழிற்சாலை வளாகத்திலும், பாட்னா ஐஐடி அந்நகரின் ஓர் அரசு பாலிடெக்னிக்கிலும் இயங்கின. மூன்றும் 2015-ல் முறையே பாலஜ், கந்தி, பிஹ்டா என்ற நிரந்தர வளாகங்களுக்குப் போய்விட்டன. இப்படி விட்டுப்போன அறைகளில் ஐஐடி துறைகளுக்குப் பங்கு கிடையாது. இடம் கொடுத்தவருக்கே அது திரும்பும்.

நமக்குப் பழக்கமான விஷயம்தான்

இந்தியாவின் பழைய பல்கலைகள் சில, அடுத்தவர் காலி செய்த கட்டடத்தில் வளர்ந்தவை. டெல்லி பல்கலைக்கழகம் 1922-ல் தொடங்கியபோது சொந்த இடமில்லை. வைஸ்ராய் புது டெல்லியின் புதிய மாளிகைக்குப் போன பிறகு, அவர் விட்டுச்சென்ற வைஸ்ரீகல் லாட்ஜுக்கு 1933-ல் பல்கலையின் அலுவலகமும் நூலகமும் வந்தன. துணைவேந்தர் அலுவலகம் இன்றும் அங்கேதான்.

கரக்பூர் ஐஐடி 1951-ல் தொடக்க விழா கண்டது ஹிஜ்லி தடுப்பு முகாம் கட்டடத்தில். 1931 செப்டம்பர் 16 அன்று விடுதலைப் போராட்டக் கைதிகள் இருவர் சுட்டுக் கொல்லப்பட்ட அதே இடம். துறைகள் புதிய கட்டடங்களுக்குப் பெயர்ந்த பிறகு, 1990-ல் அங்கே நேரு அறிவியல் தொழில்நுட்ப அருங்காட்சியகம் வந்தது. ஹைதராபாத் பல்கலைக்கழகம் 1974-ல் தொடங்கியது சரோஜினி நாயுடு குடும்பத்தின் 'கோல்டன் த்ரெஷோல்ட்' வீட்டில். பல்கலை கச்சிபவுலிக்கு மாறிய பிறகும் வீடு கையில் இருந்தது. பின்னாளில் நாடகப் பணிகளுக்குப் பயன்பட்டது. பரபரப்பான அபிட்ஸ் பகுதியில் இருக்கும் ஒரு பழைய பங்களாவில் வேதியியல் ஆய்வகம் வைக்க முடியாது, நாடக ஒத்திகை வைக்கலாம். பழைய கட்டடத்தைப் பங்கிடும்போது பலர் மறந்துவிடும் அடிப்படை இது: கட்டடத்துக்கு எது பொருந்தும் என்று முதலில் பார்க்கவேண்டும், யார் கேட்டார்கள் என்பது பிறகுதான்.

உதாரணத்துக்கு நூலகம். கட்டடங்கள் தாங்கவேண்டிய சுமை பற்றிய இந்தியத் தர நிர்ணயப்படி, சாதாரண வகுப்பறைத் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ தாங்கும்படி வடிவமைக்கப்படும். புத்தக அலமாரிகள் நெருக்கமாக நிற்கும் அறைக்குக் குறைந்தபட்சமே 600 கிலோ. அதாவது இரண்டு மடங்கு. "இரண்டாம் மாடி காலியாத்தானே இருக்கு, லைப்ரரி புத்தகத்தை எல்லாம் அங்கே ஏத்திடுங்க" என்று ஒரு கூட்டத்தில் எளிதாகச் சொல்லிவிடலாம். பொறியாளர் கையெழுத்து இல்லாமல் அதைச் செய்யக் கூடாது.

காலி அறைக்குள் என்ன இருக்கிறது?

இதுதான் இந்த விவகாரத்தின் ஆபத்தான பகுதி.

டெல்லி பல்கலைக்கழக வேதியியல் துறை 1968-ல் கனடாவிலிருந்து ஒரு காமா கதிர்வீச்சுக் கருவியை வாங்கியது. உள்ளே கோபால்ட்-60. 1980-களின் நடுவிலிருந்து அதை யாரும் பயன்படுத்தவில்லை. அறையில் அது பாட்டுக்கு நின்றது. 2010 பிப்ரவரியில் பல்கலை பழைய பொருள்களை ஏலம் விட்டபோது அதுவும் சேர்ந்து போய்விட்டது. மேற்கு டெல்லியின் மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் அதைப் பிரித்துத் துண்டு போட்டார்கள். ஏப்ரலில் அங்கே வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராக மருத்துவமனையில் சேர்ந்தார்கள். ஒருவர் இறந்தார். சர்வதேச அணுசக்தி நிகழ்வு அளவுகோலில் இது நான்காம் நிலையாகப் பதிவானது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் பல்கலையின் பொறுப்பைச் சுட்டிக்காட்டி, கதிரியக்கப் பொருள்களைக் கையாளும் அனுமதியை நிறுத்திவைத்தது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. கோபால்ட்-60-ன் அரை ஆயுள் 5.27 ஆண்டு. 1968 முதல் 2010 வரை 42 ஆண்டு, அதாவது ஏறக்குறைய எட்டு அரை ஆயுள். கணக்குப்படி அதன் வீரியம் தொடக்கத்தில் இருந்ததில் சுமார் 250-ல் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். அந்த மிச்சமே ஒருவரைக் கொன்றது.

எல்லா ஆய்வகத்திலும் கோபால்ட் இருக்காது. ஆனால் லேபிள் உரிந்த அமிலப் புட்டிகள், பாதரசம் சிந்திய மரத் தரை, பழைய வாயு சிலிண்டர்கள் இவை எந்த வேதியியல், உயிரியல் கட்டடத்திலும் கிடைக்கும். 'காலி' என்று எழுதப்பட்ட அறையை வரலாற்றுத் துறைக்கு வகுப்பறையாகக் கொடுக்கும் முன், காலி செய்த துறை என்னென்ன எடுத்துப்போனது, என்னென்ன விட்டுப்போனது என்ற பட்டியலில் கையெழுத்துப் போட்டிருக்கவேண்டும்.

இதற்கு விதி இல்லாமல் இல்லை. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, நிலையான சொத்துகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது நேரில் சரிபார்க்கச் சொல்கிறது. தனி விதிகளுக்கு ஒப்புதல் பெறாத தன்னாட்சி நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். மிச்ச மதிப்பு 2 லட்சம் ரூபாய்க்கு மேலான கழிவுப் பொருள் என்றால் டெண்டரோ பொது ஏலமோ விடவேண்டும். டெண்டருக்குக் காத்திருக்கும் பழைய கருவிகளால்தான் பாதி அறைகள் பூட்டியே கிடக்கின்றன என்பது வேறு கதை.

இப்போது ஏன் இவ்வளவு நெருக்கடி?

மாணவர் எண்ணிக்கை. அகில இந்திய உயர்கல்வி கணக்கெடுப்பின்படி 2014-15-ல் 3.42 கோடி பேர் படித்தார்கள். 2021-22-ல் அது 4.33 கோடி.

மத்திய நிறுவனங்களில் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். 2006-ன் சட்டம் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீத ஒதுக்கீடு கொடுத்தபோது, பொதுப் பிரிவு இடங்கள் குறையாமல் இருக்க மொத்த இடங்களைச் சுமார் 54 சதவீதம் கூட்டவேண்டி வந்தது. 2019-ல் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 சதவீத ஒதுக்கீட்டுக்காக இன்னொரு 25 சதவீதம். 40 பேர் படித்த ஒரு வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் விரிவாக்கத்தில் அது 62 ஆகும், இரண்டாவதில் 77 ஆகும். அறையின் சுவர்கள் மட்டும் 40 பேருக்குக் கட்டிய இடத்திலேயே நிற்கின்றன. 2019-ல் இதற்காக 158 மத்திய நிறுவனங்களுக்கு 4,315.15 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது உண்மைதான். ஆனால் சேர்க்கை ஒரே ஜூலையில் கூடிவிடும். கட்டடம் எழும்ப ஆண்டுகள் ஆகும்.

மேலே நான்காண்டு இளநிலைப் படிப்பு. டெல்லி பல்கலையில் 2022-ல் சேர்ந்தவர்கள்தான் இதன் முதல் அணி, 2025-ல் நான்காம் ஆண்டுக்கு வந்தார்கள். முன்பு மூன்று ஆண்டு மாணவர்கள் இருந்த கல்லூரிக் கட்டடத்தில் இப்போது நான்கு ஆண்டு மாணவர்கள்.

புதிதாகக் கட்டினால் போச்சு என்று நினைக்கலாம். முன்பு மானியமாக வந்த கட்டடப் பணத்தில் பெரும்பங்கு இப்போது ஹெஃபா எனப்படும் உயர்கல்வி நிதி முகமை வழியாகக் கடனாக வருகிறது. மத்திய அரசும் கனரா வங்கியும் சேர்ந்து 2017-ல் தொடங்கியது இது. கடன் என்றால் திருப்பிக் கட்டவேண்டும். அதனால் கையில் இருக்கும் பழைய கட்டடத்தின் ஒவ்வொரு அறைக்கும் மதிப்பு கூடிவிட்டது.

யார் ஜெயிக்கிறார்கள்?

பெரும்பாலும், கையில் புராஜெக்ட் பணம் உள்ள துறைதான்.

இதில் சதி ஒன்றுமில்லை, ஒரு காகிதம் இருக்கிறது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை போன்ற அமைப்புகளிடம் ஆய்வு நிதி கேட்கும்போது, 'இந்த ஆய்வுக்குத் தேவையான அடிப்படை வசதிகளைச் செய்து தருவோம்' என்று நிறுவனத் தலைவர் சான்றிதழில் கையெழுத்துப் போடவேண்டும். அடிப்படை வசதி என்றால் அதில் இடமும் அடங்கும். நிதி வந்து, கருவி கப்பலில் ஏறியதும் பேராசிரியர் அந்தச் சான்றிதழை நீட்டுவார். இடப் பங்கீட்டுக் குழு கூடுவதற்கு முன்பே அறை வாக்கு கொடுக்கப்பட்டாகிவிட்டது.

மொழித் துறை, தத்துவத் துறை, வரலாற்றுத் துறை இவற்றிடம் அப்படி ஒரு காகிதம் அரிதாகத்தான் இருக்கும். பொறியியல் படிப்புகளுக்காவது ஏஐசிடிஇ கையேட்டில் நீண்ட காலமாக ஒரு கணக்கு உண்டு: வகுப்பறைக்கு 66 சதுர மீட்டர், டுடோரியல் அறைக்கு 33, ஆய்வகத்துக்கு 66, கருத்தரங்கு அறைக்கு 132, முதல்வர் அறைக்கு 30, ஆசிரியர் ஒருவருக்கு 5. (ஐந்து சதுர மீட்டரில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டால் கதவைத் திறக்க யோசிக்கவேண்டும்.) கலைத் துறைகளில் அறை ஒதுக்கீடு பெரும்பாலும் அந்தந்த வளாகத்தின் பழக்கத்தைப் பொறுத்தது. பழக்கம் என்றால், முன்பு எவ்வளவு வைத்திருந்தீர்களோ அவ்வளவு.

இன்னொரு சிக்கல் சங்கிலி இடமாற்றம். வேதியியல் புதுக் கட்டடத்துக்குப் போகிறது, அதன் இடத்துக்கு உயிரியல் வருகிறது, உயிரியல் விட்ட இடத்துக்குப் புள்ளியியல் போகிறது. முதலில் நகரும் துறைக்குப் பளபளப்பான கட்டடம் கிடைக்கும். சங்கிலியின் கடைசியில் நிற்கும் துறைக்கு, மூன்று கை மாறி, ஒயரிங் தொங்கும் அறை கிடைக்கும். சுண்ணாம்பு அடிக்கக்கூடப் பணம் மிஞ்சாது. பட்ஜெட் முழுவதும் முதல் கட்டத்திலேயே தீர்ந்திருக்கும்.

கூட்டத்தில் நாற்காலியே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். துறைத் தலைவர்கள் உட்கார்ந்து பேசும் குழுவில் குழந்தைகள் காப்பகத்துக்காகப் பேச யார் இருக்கிறார்கள்? 50 அல்லது அதற்கு மேல் ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்கு 2017-ன் மகப்பேறு சட்டத் திருத்தம் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. பாலியல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவுக்கு, புகார் கொடுப்பவர் நாலு பேர் கண்ணில் படாமல் வந்து பேச ஓர் அறை வேண்டும். அதைத் துறைத் தலைவர் அறைக்கு எதிரே கொடுத்துவிட்டால் என்ன பயன்?

மாற்றுத்திறனாளி மாணவர்களின் நிலை இதைவிடக் கூர்மையானது. 2016-ன் சட்டப்படி அரசு உயர்கல்வி நிறுவனங்களில் அவர்களுக்குக் குறைந்தது 5 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை விதிகள் வந்ததிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் அணுகத்தக்கதாக மாற்றவேண்டும் என்றும் அதே சட்டம் சொன்னது. விதிகள் வந்தது 2017 ஜூனில், கெடு முடிந்தது 2022 ஜூனில். 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில், அணுகல் தரநிலைகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்குங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. லிஃப்ட் இல்லாத பழைய மூன்று மாடிக் கட்டடத்தில் தரைத்தளம் யாருக்கு என்ற கேள்விக்கு இதிலேயே பாதி பதில் இருக்கிறது: மாணவர்கள் அதிகம் வந்துபோகும் வகுப்பறைகளுக்கு. அலுவலகங்கள் மேலே போகட்டும். நான் பார்த்த பல வளாகங்களில் தலைகீழாகத்தான் இருக்கிறது. தரைத்தளத்தில் அலுவலகம், இரண்டாம் மாடியில் வகுப்பு.

அளந்து பார்த்தால் என்ன தெரியும்?

எந்தத் துறையைக் கேட்டாலும் இடம் போதவில்லை என்றுதான் சொல்லும். அதைச் சோதிக்க உலகெங்கும் பயன்படும் எளிய கணக்கு ஒன்று உண்டு. அறை எத்தனை மணி நேரம் பயன்பட்டது, பயன்பட்ட நேரத்தில் எத்தனை இருக்கைகள் நிரம்பின. இரண்டையும் பெருக்கவேண்டும், அவ்வளவுதான்.

60 இருக்கைகள் கொண்ட ஓர் அறை என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 40 மணி நேரம் திறந்திருக்கிறது. அதில் 24 மணி நேரம் வகுப்பு நடந்தால் 60 சதவீதம். வகுப்பில் சராசரியாக 27 பேர் இருந்தால் 45 சதவீதம். பெருக்கினால் 27 சதவீதம். அட்டவணையைப் பார்த்தால் பாதிக்கு மேல் நிரம்பிய அறை, உண்மையில் நான்கில் ஒரு பங்குதான் பயன்படுகிறது. இருக்கைகளையும் மணி நேரத்தையும் தனித்தனியாகப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது.

இதில் ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். இந்தக் கணக்கு வகுப்பறைக்குப் பொருந்தும். ஆறு பேர் மட்டும் படிக்கும் முதுநிலை மொழி வகுப்பை 'இருக்கை நிரம்பவில்லை' என்று வெட்ட ஆரம்பித்தால், தப்பு அறையின் அளவில் இருக்கிறது, துறையில் இல்லை. அந்த வகுப்புக்கு 60 இருக்கை அறைக்குப் பதில் 12 இருக்கை அறை கொடுத்தால் கணக்கு நேராகிவிடும். ஆய்வகத்தில் ஒரு கருவி இரவு முழுக்க ஆள் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கலாம், அங்கே தலையை எண்ணுவதில் அர்த்தமே இல்லை.

சில ஐஐடிகள் பெரிய வகுப்பறைகளைத் துறைகளிடம் விடாமல், லெக்சர் ஹால் காம்ப்ளக்ஸ் என்று பொதுவில் வைத்து, ஒரே மைய அட்டவணையில் ஒதுக்குகின்றன. டெல்லி, மும்பை ஐஐடிகளில் இதைப் பார்க்கலாம். காலியாகும் பழைய கட்டடத்திலும் வகுப்பறைகளை மட்டும் இப்படிப் பொதுவாக்கினால், துறைகளுக்கு இடையே சண்டைக்கு மிஞ்சுவது ஆய்வகமும் ஆசிரியர் அறைகளும்தான். என் பார்வையில் பேரம் தொடங்கும் முன் செய்யவேண்டிய முதல் வேலை இது. நாக் தர மதிப்பீட்டின் மதிப்பெண் முறையில் பல்கலைகளுக்கு உட்கட்டமைப்பு மற்றும் கற்றல் வளங்களுக்கு 1,000-ல் 100 மதிப்பெண் இருந்தது. அறைகள் எத்தனை என்று காட்டத் துறைகள் ஆர்வமாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

உங்கள் வளாகத்தில் தெரிந்துகொள்ள

அரசுப் பல்கலைகள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. மத்திய நிறுவனங்களுக்கு விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். "ஏன் எங்கள் துறைக்கு அறை தரவில்லை" என்று கேட்டால் பதில் வராது. காரணம் கேட்பது தகவல் ஆகாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆவணங்களைக் கேளுங்கள்: காலியான கட்டடத்தின் அறைவாரிப் பட்டியலும் பரப்பளவும், அறைகளை ஒதுக்கிய குழுவின் கூட்டக் குறிப்பு, ஒதுக்கீட்டு ஆணையின் நகல், காலி செய்த துறை ஒப்படைத்த பொருள் பட்டியல், கடைசியாக நடந்த சொத்துச் சரிபார்ப்பு அறிக்கை, கட்டட உறுதி பற்றிய பொறியாளர் அறிக்கை.

அப்படி ஒரு பட்டியலே இல்லை என்று பதில் வந்தால், அதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் மேல்முறையீட்டுக்கு அதுதான் தேவைப்படும். பதில் கிடைத்த நாளிலிருந்து 30 நாள் அவகாசம் உண்டு.